கதவு உள்ள சமையலறையே எடுங்கள், தம்பி

சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீடா, தனித்தனி அறை வைத்த வீடா, எதை வாடகைக்கு எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாடி, என்ன சோபா என்பதையெல்லாம் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம். இது மட்டும் முக்கியம், ஏனென்றால் இந்தக் குளிர் ஊருக்கு வந்த புதிதில் நாங்கள் ஏமாந்தது இதில்தான்.

வீடு பார்க்கப் போனது பகல் பதினொரு மணிக்கு. சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்த காலி வீடு, நல்ல வெளிச்சம், உடனே கையெழுத்துப் போட்டோம். அப்புறம் குளிர்காலம் வந்தது. ஜன்னலைத் திறக்க முடியாது. எண்ணெய் காய்ந்த புகை போர்வையிலும் மகளின் ஸ்வெட்டரிலும் ஏறியது. அடுப்புக்கு மேலே சிம்னி இருந்தது, ஆனால் வெளியே குழாய் போகாத வகை. காற்றை இழுத்து, வடிகட்டி, அதே அறைக்குள் திருப்பி விடும். பிசுக்கை ஓரளவு பிடிக்கும், ஈரம் உள்ளேயே நிற்கும். அதனால் சிம்னியின் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பின்வரிசை அடுப்பில் சமைத்தால் சிம்னி புகையை நன்றாக இழுக்கும். இதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

தனிச் சமையலறை என்றால் பழசு என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். விருந்தாளி கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய சுவரை இடிக்கிறார்கள், பிறகு பின்பக்கக் கொட்டகையில் இன்னொரு அடுப்பு வைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1926இல் வடிவமைத்த ‘ஃபிராங்ஃபர்ட் சமையலறை’ 1.9க்கு 3.4 மீட்டர்தான். அதற்கும் ஹாலுக்கும் நடுவே தள்ளுகதவு. குழந்தையைப் பார்க்கத் திறக்கலாம், புகை வந்தால் மூடலாம். இப்போது எங்கள் வீட்டிலும் கண்ணாடித் தள்ளுகதவு போட்டிருக்கிறோம். இன்னொன்று, படுக்கையறையிலிருந்து வெளியேற அடுப்பைத் தாண்டித்தான் போகவேண்டும் என்றால் அந்த வீடே வேண்டாம். தீ பிடித்தால் வழி அடைபடும்.

சத்தத்தை யாரும் சொல்லமாட்டார்கள். நாங்கள் ஏமாந்த அந்த வீட்டில் கதவு இருந்தது இரண்டே இடத்தில், படுக்கையறையிலும் குளியலறையிலும். என் கணவர் இரவு வேலை முடித்து வந்து படுக்கையறையில் தூங்குவார். ஹாலில் நான் பாத்திரத்தைக்கூட மெதுவாகத்தான் வைப்பேன். மகளுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். அந்த வருஷத் தேர்வுக்கு முழுக்கவும் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து படித்தாள். நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, முணுமுணுப்பு நின்றதும் மெல்லத் தட்டி அடுத்த கேள்வியைக் கேட்பேன்.