பெண்கள் தொண்டு அமைப்பில் பல வருடம் இருப்பவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

சென்னையில் ஒரு சின்ன மாதர் சங்கத்தில் இருக்கிறேன். எங்கள் மூத்த உறுப்பினர்களிடம் போய் "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒன்றும் தேறாது. "என்ன பெரிசா செஞ்சுட்டோம்" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் வேலைக்குக் கிளம்பும்போது கூடவே கிளம்பிவிட வேண்டும், அதுதான் வழி.

முதலில் பணம். பொருளாளர் அக்கா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நன்கொடை கைக்கு வந்த இடத்திலேயே ரசீது எழுதிவிடுவார், அது கல்யாண வீட்டுப் பந்தியாக இருந்தாலும் சரி. எழுத்துப் பிழையான ரசீதைக் கிழிக்க விடமாட்டார். குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதி, அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் அடித்து வைப்பார். "ஒரு நம்பர் காணோம்னா அந்த ரூபாயை நீ சாப்பிட்டேன்னு ஊரே சொல்லும்." 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லி, காசோலையாக வாங்கிக்கொள்வார். மார்ச் மாதம் யாரும் வந்து சண்டை போடுவதில்லை.

ஆனால் நான் அதிகம் கற்றது வீடு பார்க்கப் போவதில்தான். கல்வி உதவி கேட்டு விண்ணப்பம் வந்தால் எங்களில் இரண்டு பேர் நேரில் போய்வருவது வழக்கம். கண்ணகி நகருக்கு ஒருமுறை டீச்சரம்மாவோடு போனேன். தலைமையாசிரியையாக இருந்தவர். உள்ளே போனதும் ஃபைலைத் திறப்பார் என்று பார்த்தால், "மாடி ஏறினதுல மூச்சு வாங்குது, கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்றார். கதவோரம் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்த அந்த அம்மா பரபரவென்று சொம்பைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்தார், பாய் விரித்தார், ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினார். அப்புறம் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரம்மா ஆகிவிட்டார், நாங்கள் விருந்தாளிகள். டீச்சரம்மா வருமானத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பொண்ணு காலைல எத்தனை மணிக்குக் கிளம்புறா? சாப்பிட்டுட்டுப் போறாளா?" என்று ஆரம்பித்தார். நர்சிங் படிக்கும் பெண். புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய் சாப்பாட்டுக்கும் நோட்டுக்கும் சரியாகப் போகிறது, ஃபீஸைக்கூடச் சமாளித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வேண்டிய யூனிஃபார்மும் ஷூவும்தான் இடிக்கிறது என்பது பேச்சுவாக்கில் வந்தது. விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இறங்கும்போது டீச்சரம்மா, "கொடுக்கிறப்போ போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, அவ காலேஜ்ல நாலு பேர் பார்ப்பாங்க" என்றார். இதில் எங்களுக்குள் இன்றும் தகராறுதான். போட்டோ போட்டால் நன்கொடை கூடுகிறது என்பது இளையவர்கள் வாதம். அது உண்மையும்கூட. நான் டீச்சரம்மா கட்சி.

கூட்டத்தில் யாராவது "நாம பத்துப் பேர் கூடி என்ன ஆகப்போகுது" என்று அலுத்துக்கொண்டால், இருப்பவர்களிலேயே மூத்தவரான பாட்டி அடையாறு கதையை எடுத்துவிடுவார். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் பெயரோடு டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்றெழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1917-ல் அதே அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம்தான் அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று, சங்கம் நிதி திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். "அந்தப் பன்னிரண்டு கட்டிலுக்கும் யாரோ படியேறி இறங்கித்தானே இருப்பாங்க?" என்று பாட்டி கேட்பார். அடுத்த நிமிடமே வசூல் பட்டியல் கைமாறும். கெட்டிக்காரி.

மூத்தவர்கள் சொல்வதெல்லாம் வேதம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் செயலாளர் பதவி பல வருடமாக ஒரே கையில் இருக்கிறது. க்யூஆர் கோடு வைப்பதற்கே மூன்று கூட்டம் பேச வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட, பாதி விஷயம் அவர் தலைக்குள்ளும் ஒரு பழைய டைரியிலும் மட்டும் இருப்பதுதான் பெரிய சிக்கல். அவர் ஊருக்குப் போனால் வேலை நின்றுபோகும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இன்னொரு பெண்ணும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். வெறும் போன் நம்பர் பட்டியல் என்றுதான் மற்றவர்கள் நினைக்கிறார்கள். நோட்டுப் புத்தக மொத்த வியாபாரி பெயருக்கு எதிரே, 'ஏப்ரலிலேயே ஆர்டர் சொல்லிவிடு, ஜூனில் விலை ஏற்றுவார். அவர் மனைவியிடம் பேசினால் இன்னும் குறையும்' என்று எழுதியிருக்கிறது.