சால்வடார் பயணம்: கடன் வாங்கி பிப்ரவரியில் போவதா, சேர்த்து அக்டோபரில் போவதா?

கேள்வி: எனக்கு 46 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறார், சைவம். பிரேசிலின் பழைய துறைமுக நகரமான சால்வடாரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வரும் பிப்ரவரியில், கார்னிவல் என்கிற தெருத் திருவிழா சமயத்தில், இருவருக்கும் சேர்த்து 8.2 லட்சம் ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் இருப்பதாக டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். பிப்ரவரிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கையில் 2 லட்சம் எஃப்.டி. உண்டு. எஸ்.ஐ.பி., வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் 25,000 சேமிக்க முடியும். மீதி 4.2 லட்சத்துக்கு 14% வட்டியில் இரண்டு வருட பர்சனல் லோன் கிடைக்கிறது. வாங்கலாமா? அவசரத்துக்கென்று 3 லட்சம் தனியாக வைத்திருக்கிறேன், அதை எடுக்கலாமா? அங்கே செலவுக்குப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: கடன் வேண்டாம். அவசர நிதியையும் தொடாதீர்கள். பயணத்தை அதே வருடம் அக்டோபருக்குத் தள்ளிவையுங்கள். இன்னும் 16 மாதம் கிடைக்கும். உங்கள் 2 லட்சத்தோடு மாதம் 25,000 சேர்த்தால், வட்டியைக் கணக்கில் எடுக்காமலே 6 லட்சம் கையில் இருக்கும். நீங்களே திட்டமிட்டால் அந்தத் தொகையில் பயணம் முடிந்து மிச்சமும் இருக்கும்.

முதலில் கடன் கணக்கு. 4.2 லட்சத்துக்கு 14% வட்டி, 24 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 20,165 ரூபாய். வட்டி மட்டும் 64,000-க்குக் கொஞ்சம் குறைவு. பரிசீலனைக் கட்டணம் தனி. பத்து நாள் பயணத்துக்காக இரண்டு வருடத்துக்கு உங்கள் சேமிப்பில் முக்கால்வாசிக்கு மேல் அடைபட்டுப்போகும். அந்த இரண்டு வருடத்தில் வேறு ஏதாவது செலவு வந்தால் உங்கள் எஸ்.ஐ.பி.தான் முதலில் நிற்கும். உண்மையான இழப்பு அங்கேதான்.

இரண்டாவது காரணம் பணத்தைவிட முக்கியமானது. உங்கள் மனைவி வரலாறு பார்க்கப் போகிறார். சால்வடார் 1549-ல் நிறுவப்பட்டது. 1763 வரை போர்ச்சுகீசிய பிரேசிலின் தலைநகரமாக இருந்தது. பெலோரின்யோ என்கிற பழைய நகரப் பகுதி 1985 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கார்னிவல் நாட்களில் பல கட்டடங்களின் முகப்பைப் பலகை அடித்து மூடிவிடுவார்கள், அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை, தெருவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் நடக்க முடியும். விடுதிகள் தனித்தனி இரவாகத் தராமல் ஐந்து முதல் ஏழு இரவுகளை மொத்தமாக, ரத்து செய்ய முடியாத கட்டணத்தில் விற்கும். ஊர்வலக் குழுவோடு நடக்க அனுமதிச் சீட்டாகப் பயன்படும் சட்டை, மேடையில் நின்று பார்க்க இன்னொரு சீட்டு என்று செலவு கூடிக்கொண்டே போகும். திருவிழாவுக்காகவே போகிறவர்களுக்கு அது சரி. முதல்முறை போய்த் தேவாலயங்களையும் தெருக்களையும் பார்க்க நினைப்பவருக்கு அது பொருந்தாது.

சால்வடாரில் ஏப்ரல் முதல் ஜூலை வரை மழை அதிகம். செப்டம்பரிலிருந்து குறைந்துவிடும். டிசம்பரில் அவர்களுடைய கோடை விடுமுறையும் விலையேற்றமும் தொடங்கும். அதனால் அக்டோபர் நல்ல இடைவெளி. அக்டோபர் 12, நவம்பர் 2, நவம்பர் 15 ஆகியவை அங்கே தேசிய விடுமுறை நாட்கள். அவை வார இறுதியை ஒட்டி வந்தால் விடுதிக் கட்டணம் ஏறும். இங்கிருந்து கிளம்பும் டிக்கெட், ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறைகளின் இரு பக்கமும் ஏறும். இரண்டையும் விலக்கித் தேதி பாருங்கள்.

இப்போது பட்ஜெட். ஒரு பிரேசில் ரெயாலுக்கு 17 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விமானத்துக்கு ஆளுக்கு 1.4 லட்சம், இருவருக்கு 2.8 லட்சம். தங்குவதற்கு ஒரு இரவுக்கு 380 ரெயால், பத்து இரவுக்கு 3,800. இருவர் சாப்பாட்டுக்கு நாளுக்கு 240 வீதம் 2,400. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 700. நுழைவுக் கட்டணம், வழிகாட்டி, ஒரு படகுப் பயணம் எல்லாவற்றுக்கும் 1,600. மொத்தம் 8,500 ரெயால், அதாவது 1,44,500 ரூபாய். விசா, தடுப்பூசி, காப்பீடு இருவருக்கும் 35,000. சிம், கார்டு கட்டணங்களுக்கு 10,000. கூட்டினால் 4,69,500 வருகிறது. இதன்மேல் 55,000 எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். மொத்தம் சுமார் 5.25 லட்சம். இவை என் திட்ட மதிப்பீடுகள். டிக்கெட் வாங்கும் நாளில் உண்மையான விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ரெயால் 19 ரூபாய்க்குப் போனாலும் கூடுதல் 17,000 ரூபாய்தான். ஆகவே ரூபாய் மதிப்பை நினைத்து அதிகம் கவலைப்பட வேண்டாம். டிக்கெட் விலைதான் இந்த பட்ஜெட்டைக் கவிழ்க்கக்கூடியது.

16 மாதத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தையில் போடாதீர்கள். எஃப்.டி. அப்படியே இருக்கட்டும். அதன் முதிர்வுத் தேதி டிக்கெட் வாங்கும் மாதத்துக்கு முன்னால் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இடையில் உடைத்தால் வட்டி குறைத்துக் கொடுப்பார்கள். மாதச் சேமிப்பை 12 மாத ஆர்.டி.யில் போடுங்கள், அது முடிந்தபின் ஓரிரு நாளில் பணமாக்கக்கூடிய லிக்விட் ஃபண்டுக்கு மாற்றுங்கள். அடுத்த ஜூனில் கையில் 5 லட்சம் இருக்கும். அப்போது டிக்கெட் வாங்கினாலும் 2.2 லட்சம் மிஞ்சும், அக்டோபருக்குள் இன்னொரு லட்சம் சேரும்.

அடுத்தது செலவழிக்கும் வரிசை. பலர் பணம் இழப்பது இதில்தான். விசா கிடைக்கும்வரை கையை விட்டுப் போகிற ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வரக்கூடியதாக இருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் பிரேசில் போக விசா கட்டாயம். விண்ணப்பத்தோடு பயணத் திட்டம், விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை போன்றவற்றைக் கேட்பார்கள். முன்பதிவு கேட்கிறார்களே என்று ரத்து செய்ய முடியாத மலிவு டிக்கெட்டை வாங்கி வைப்பதுதான் வழக்கமான தவறு. விசா தாமதமானால் அந்தப் பணம் போச்சு. ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் டிக்கெட்டும், இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள விடுதியும் பதிவு செய்து விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்னால் வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் இந்தச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் ஆனபிறகுதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அதில் ஒன்று. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருப்பதாலும், திறந்த சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும் என்பதாலும், குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்துத்தான் போடுவார்கள். முன்கூட்டியே நாள் வாங்கி, பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தாலும், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுத்தாலும், முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

டிக்கெட்டில் மலிவைத் தேடி மாட்டிக்கொள்ளும் இடம், விமானம் மாற வேண்டிய பிரேசிலின் பெருநகரம் சாவ் பாவ்லோ. துபாய் அல்லது தோஹா வழியாக சாவ் பாவ்லோவின் குவாருல்யோஸ் விமான நிலையம் போய், அங்கிருந்து சுமார் இரண்டரை மணி நேரம் பறந்தால் சால்வடார். இந்தக் கடைசிப் பகுதியைத் தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாவதுபோலத் தெரியும். ஆனால் மலிவான உள்நாட்டுக் கட்டணத்தில் பெரிய பெட்டி சேராது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண், மாற்றித்தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. உள்நாட்டு விமானங்கள் பல, நகரத்தின் இன்னொரு பக்கமிருக்கும் கொங்கொன்யாஸ் நிலையத்திலிருந்தும் கிளம்பும். அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டால் பெட்டியோடு நகரத்தைக் கடக்க வேண்டும். முழுப் பயணமும் ஒரே டிக்கெட் எண்ணில் இருக்கட்டும். அப்படி இருந்தாலும் குவாருல்யோஸில் குடியேற்றம் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாக இருந்தால் ஏமாறாதீர்கள், விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழி என்றால் அந்த நாட்டின் டிரான்சிட் விசா விதியைப் பார்த்தபிறகு வாங்குங்கள்.

ஏஜென்ட் பேக்கேஜில் இன்னொரு விஷயம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே உங்களிடம் முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. விமானமும் விடுதியும் சேர்ந்த வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே இந்த வரியைப் பிடிப்பார்கள். 8.2 லட்சத்தில் அது சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள். விமான டிக்கெட்டை மட்டும் தனியாகவும், விடுதியைத் தனியாகவும் நீங்களே பதிவு செய்தால் அது பேக்கேஜ் ஆகாது. ஒருவேளை பிடித்திருந்தாலும் அது இழப்பு அல்ல. வரித்துறையில் உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும், அவ்வளவே.

அங்கே கார்டு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் செல்லும். சாதாரண இந்திய கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம் (மார்க்-அப்) 3.5%, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி., ஆக 4.13%. உங்கள் 8,500 ரெயால் செலவில் அது சுமார் 6,000 ரூபாய். மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்று வாங்கினால் இது மிச்சம். முன்கூட்டியே டாலரை ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு இங்கே பொருந்தாது. ரூபாய் டாலராகவும் டாலர் ரெயாலாகவும் மாறி, இரண்டு முறை கட்டணம் போகும். இயந்திரம் ‘ரூபாயிலா, ரெயாலிலா’ என்று கேட்டால் எப்போதும் ரெயால். ரூபாயைத் தொட்டால் மோசமான மாற்று விகிதத்தில் கழியும். கடைக்காரர் கிரெடிட்டா டெபிட்டா என்று கேட்பார், கார்டுக்குத் தகுந்ததைச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பிக்ஸ் என்கிற உடனடிப் பணப் பரிமாற்றத்தில் கட்டுவார்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத உங்களுக்கு அது கைகொடுக்காது. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள். ஓ.டி.பி. வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். இரண்டு வங்கிகளின் கார்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றை விடுதியிலேயே விட்டுவிட்டு வெளியே போங்கள்.

ரொக்கமாக 400 டாலர் போதும், கசங்காத நோட்டுகளாக. விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றி, மீதியை நகரின் ஷாப்பிங் மால்களில் உள்ள பணமாற்று நிலையத்தில் மாற்றுங்கள். ஏ.டி.எம். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிக்கும், சின்னச் சின்னத் தொகையாக எடுக்காதீர்கள்.

தங்க, பெலோரின்யோவை ஒட்டிய சாந்து அந்தோனியோ பகுதி உங்களுக்கு ஏற்றது. கடற்கரை வேண்டுமென்றால் பார்ரா. பெலோரின்யோவையும் கீழ்நகரத்தையும் இணைப்பது 1873-ல் திறந்த, 72 மீட்டர் உயர லசெர்டா மின்தூக்கி. அதற்குப் பக்கத்துச் சரிவுப் பாதைகளில் நடந்து இறங்காதீர்கள், வழிப்பறி ஆபத்து உண்டு. இரவில் சின்ன தூரமானாலும் செயலி வழி டாக்சி. இந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம். பொன் வேலைப்பாட்டுக்குப் பேர்போன சாவ் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் கூரை 2025 பிப்ரவரியில் இடிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார், தேவாலயம் மூடப்பட்டது. உங்கள் மனைவி அதற்காகவே போகிறார் என்றால், திறந்திருக்கிறதா என்று உறுதி செய்தபிறகே தேதியைப் பூட்டுங்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை.

சைவச் சாப்பாட்டுக்கு எடைபோட்டு விற்கும் உணவகங்கள் நல்லது. சோறு, பீன்ஸ், காய்கறியை நீங்களே தட்டில் எடுத்து எடைக்குப் பணம் கொடுக்கலாம். தெருவில் விற்கும் அகராஜே நம் வடை மாதிரி, காராமணி மாவில் செம்பனை எண்ணெயில் பொரித்தது. உள்ளே உலர்ந்த இறால் வைப்பார்கள். இறால் வேண்டாம் என்று சொன்னாலும் கூடவே தடவும் வதபா என்கிற மசியலிலும் இறால் இருக்கும், அதையும் விடச் சொல்ல வேண்டும். பில்லில் வரும் 10% சேவைக் கட்டணம் கட்டாயமில்லை, பொதுவாகக் கொடுத்துவிடுவார்கள். இசை நடக்கும் கடையில் அதற்கும் தலைக்கு ஒரு தொகை சேரும். போன்ஃபிம் என்கிற வேண்டுதல் நாடாவை ‘இலவசம்’ என்று கையில் கட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களிடமிருந்து கையை இழுத்துக்கொள்ளலாம், தவறில்லை.

மோரோ டி சாவ் பாவ்லோ என்கிற தீவுக் கிராமத்துக்கு ஒருநாள் படகில் போவது பலருடைய திட்டத்தில் இருக்கும். விரைவுப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம், கடல் கொந்தளிப்பாக இருந்தால் குமட்டல் கடுமை. இறங்கியதும் தனியாக ஒரு தீவுக் கட்டணம் உண்டு. போய் அன்றே திரும்புவது வீண், ஒரு இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

காப்பீட்டில் மருத்துவத்துக்கு 50,000 டாலராவது இருக்கட்டும், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பிரேசிலின் அரசு மருத்துவமனைகள் அவசர சிகிச்சையை வெளிநாட்டவருக்கும் இலவசமாகத் தருகின்றன. தனியார் மருத்துவமனைக்குப் போனால் செலவு உங்களுடையது. மிஞ்சும் ரெயால்களைத் திரும்பும்போது குவாருல்யோஸிலேயே மாற்றிவிடுங்கள். கோவையில் அவற்றை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.