நம் பென்ஷன் பணமும் அணுகுண்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காதான் அணுகுண்டைக் கைவிட்டுவிட்டதே, இனி எங்கள் கோயில் இளைஞர் சங்கம் செய்ய என்ன இருக்கிறது?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நிறவெறி அரசு ரகசியமாகச் செய்த ஆறு குண்டுகளும் பிரிக்கப்பட்டன, 1991இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் நாடு சேர்ந்தது, அணு ஆயுதங்களையே முழுதாகத் தடைசெய்யும் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை 2019இல் உறுதிசெய்தது. இதெல்லாம் அரசின் வேலை. உங்கள் வேலை, பென்ஷனுக்குப் பிடிக்கும் தொகையைக் காட்டும் சம்பளச் சீட்டில் தொடங்குகிறது.

தனியார் ஓய்வூதிய நிதிகள் 45 சதவீதம் வரை வெளிநாட்டில் முதலீடு செய்யலாம். அணு ஆயுதம் செய்யும் நிறுவனங்களின் பங்குகள் அதற்குள் கலந்திருக்க வாய்ப்புண்டு. நிதியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவில் பொதுவாகப் பாதிப்பேராவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஒரே நிதியில் இருப்பவர்கள் சேர்ந்து அந்த அறங்காவலர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்.

"ஆயுத முதலீடு உண்டா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், "நேரடியாக இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பங்குகள் பெரும்பாலும் குறியீட்டு நிதிகள் (பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களை மொத்தமாக வாங்கும் நிதிகள்) வழியாகவே வரும். ஆகவே வெளிநாட்டு முதலீட்டின் முழுப் பட்டியலையும், எந்த நிறுவனங்களில் முதலீடு செய்வதில்லை என்று சொல்லும் விலக்குக் கொள்கையின் நகலையும் தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஆசிரியர், நர்ஸ் போன்ற அரசு ஊழியர்களின் நிதிக்குச் சட்டமே வேறு. அங்கே தொழிற்சங்கத்தைப் பிடியுங்கள்.

கூபர்க் அணுமின் நிலையத்தை இந்தக் கடிதத்தில் இழுக்காதீர்கள். பேச்சு மின்வெட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

"குண்டு இருந்தால்தானே பாதுகாப்பு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இந்த நாட்டுக்கு அமைதி வந்தது அங்கோலாப் போரிலிருந்து தென்னாப்பிரிக்க, கியூபப் படைகள் திரும்பியதாலும், பேச்சுவார்த்தையாலும்தான் என்று சொல்லுங்கள்.