விலை குறைந்த கைத்துப்பாக்கியில் எது குறைகிறது?

கேள்வி: தற்காப்புக்காக இடுப்பில் வைத்துக்கொள்ளும் சிறிய கைத்துப்பாக்கி ஒன்றை உரிமம் பெற்று வாங்க எண்ணியுள்ளேன். ரூகர் நிறுவனத்தின் எல்சி9எஸ், ஈசி9எஸ் ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தும், விலையில் பெரிய வேறுபாடு உள்ளது. மலிவானதை வாங்கினால் ஆபத்து நேரத்தில் கைவிட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். தங்கள் கருத்து என்ன?

பதில்: தங்கள் அச்சம் இயல்பானதே, ஆனால் இந்த இரண்டைப் பொறுத்தவரை அதற்கு இடமில்லை. ரூகர் நிறுவனம் 2014இல் எல்சி9எஸ் மாதிரியை வெளியிட்டது. அதில் சில வேலைப்பாடுகளை மட்டும் குறைத்து, 2018இல் 299 டாலர் விலையில் கொண்டுவந்ததுதான் ஈசி9எஸ். இரண்டும் 9 மி.மீ. தோட்டாவுக்கானவை, இரண்டிலும் குழலின் நீளம் 3.12 அங்குலம், எடை ஏறத்தாழ 490 கிராம். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினில் ஏழும், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் குழலறையில் ஒன்றுமாக எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும். தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஸ்ட்ரைக்கர் அமைப்பும், விரலால் இழுக்கும் விசையும் ஒன்றே. மேகசின்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சுட வேண்டிய நேரத்தில் சுடுவதற்குத் தேவையான எதிலும் நிறுவனம் கைவைக்கவில்லை.

அப்படியானால் விலை எங்கே குறைந்தது? துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதியான ஸ்லைடைப் பிடித்து இழுப்பதற்கான வரிப்பள்ளங்களை எண்ணிக்கையில் குறைத்து, அகலமாக வெட்டியிருக்கிறார்கள்; அதனால் பயன்பாட்டில் குறை எதுவும் இல்லை. முதன்மையான வேறுபாடு குறிபார்க்கும் உறுப்புகளில்தான் இருக்கிறது. எல்சி9எஸ் மாதிரியில் முன்குறியும் பின்குறியும் தனி உறுப்புகளாக, ஸ்லைடின் குறுக்கே வெட்டிய பள்ளத்தில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை. தேவைப்பட்டால் பின்குறியை இடமோ வலமோ நகர்த்தலாம், முழுவதுமாகக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஈசி9எஸ் மாதிரியில் ஸ்லைடு இரும்பிலேயே குறிகளைக் கடைந்து உருவாக்கிவிட்டார்கள். அவை கழன்று விழாது என்பது உண்மை. ஆனால் நகர்த்தவும் முடியாது, இருளில் ஒளிரும் டிரிடியம் குறிகளை அவற்றின் இடத்தில் மாட்டவும் வழியில்லை.

இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். இரண்டு குறிகளுக்கும் இடையே 14 செ.மீ. தூரமே இருக்கும் ஒரு துப்பாக்கியில், பின்குறி ஒரே ஒரு மி.மீ. விலகியிருந்தாலும், 10 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 7 செ.மீ. தள்ளிப் படும். எனவே ஈசி9எஸ் வாங்குவதாக இருந்தால், இயன்றவரை அதே துப்பாக்கியால் சுடுதளத்தில் சுட்டுப் பார்த்து, குறி வைத்த இடத்திலேயே குண்டு படுகிறதா என்று உறுதி செய்துகொண்ட பின் பணம் கொடுங்கள். பார்வை மங்கத் தொடங்கிய வயதினருக்கு எல்சி9எஸ் மாதிரியையே பரிந்துரைப்பேன். கண்ணுக்கு ஏற்ற குறியை மாற்றிக்கொள்ளும் வசதிக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது.

விலை உயர்ந்தது என்பதாலேயே குறை இருக்காது என்று கொள்வதும் சரியன்று. சிக் சாயர் நிறுவனத்தின் பி320 மலிவான துப்பாக்கி அல்ல. இருந்தும் சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று சோதனைகளில் தெரியவந்ததால், 2017இல் அந்நிறுவனமே விசை அமைப்பை மாற்றித் தரும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. அதே நிறுவனம் 2018இல் கொண்டுவந்த பி365, ஏறத்தாழ ரூகரின் இந்த இரண்டு மாதிரிகளின் உருவத்துக்குள்ளேயே பத்துத் தோட்டா மேகசினை அடக்கிவிட்டது. கூடுதல் பணத்துக்கு உண்மையான பயன் என்று நான் கருதுவது இத்தகைய வடிவமைப்பு முன்னேற்றத்தைத்தான். மெருகையும் பெயரையும் அல்ல.

கேள்வி: உடலோடு ஒட்டியே இருப்பதால் வியர்வையில் துருப்பிடிக்கும் என்கிறார்களே?

பதில்: பிடிக்கும். விலை குறைந்த மாதிரிகளில் பெரும்பாலும் இருக்கும் கறுப்பு ஆக்சைடு பூச்சு மிக மெல்லியது; எண்ணெய் இருக்கும்வரைதான் அது இரும்பைக் காக்கும். உயர்விலைத் துப்பாக்கிகள் பலவற்றில் நைட்ரஜனை ஊட்டும் நைட்ரைடு முறையில் இரும்பின் மேற்பரப்பையே கடினமாக்கிவிடுவதால், வியர்வையின் உப்பு எளிதில் அரிப்பதில்லை. மலிவானதை வாங்குபவர் நாள்தோறும் தோட்டாக்களை அகற்றி, குழலறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, எண்ணெய் தோய்ந்த துணியால் ஸ்லைடைத் துடைக்க வேண்டும். உடலின் பக்கம் இருக்கும் புறத்தில்தான் முதலில் செம்புள்ளிகள் தோன்றும்.

கேள்வி: மலிவானதை வாங்கினால் மிச்சமாகும் பணத்தை எதில் செலவிடலாம்?

பதில்: முதலில் விசையை முழுவதும் மூடும் நல்ல உறை, எஞ்சியதில் பயிற்சித் தோட்டாக்கள். 490 கிராம் எடையுள்ள துப்பாக்கி 9 மி.மீ. தோட்டாவை வெடிக்கும்போது, எந்த மாதிரியானாலும், கையைக் கடுமையாகவே உதைக்கும். அந்த உதைப்புக்குக் கை பழகாதவரை குறியின் தரம் உதவாது. பயிற்சித் தோட்டாக்களோடு, தற்காப்புக்கென வைத்துக்கொள்ளப்போகும் அதே வகைத் தோட்டாவையும் இரண்டு மூன்று மேகசின் அளவு சுட்டுப் பாருங்கள். தற்காப்புத் தோட்டாக்களில் பெரும்பாலும் இருக்கும் முனை குழிந்த குண்டுகள் சில துப்பாக்கிகளில் குழலறைக்குள் ஏறாமல் சிக்கிக்கொள்வதுண்டு.