தினமும் சீந்தில் கஷாயம்: தைராய்டு உள்ளவர்கள் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரைக்கும் தைராய்டு குறைபாட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எதிர்ப்பு சக்திக்காக மூன்று மாதமாகத் தினமும் சீந்தில் கஷாயம் குடிக்கிறேன். தொடரலாமா?

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள். இந்த வாரமே கல்லீரலுக்கான எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

சீந்தில் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதன் தண்டைக் குறுக்கே வெட்டினால் ஆரங்களோடு கூடிய வண்டிச் சக்கரம் போல இருக்கும். வெட்டிய துண்டை வேலியில் மாட்டிவைத்தால், மண்ணே படாமல் நூல் போன்ற விழுதை இறக்கித் துளிர்த்துவிடும். வெட்டினாலும் முளைப்பது என்ற பொருளில் 'சின்னருஹா' என்று வடமொழியில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. இராவண வதத்துக்குப் பின் மாண்ட வானரங்களை எழுப்ப இந்திரன் அமிர்தம் பொழிந்தான், சிந்திய துளிகளில் முளைத்தது இந்தக் கொடி என்கிறது 16ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலான பாவப்பிரகாசம். அமிர்தவல்லி என்ற பெயருக்குப் பின்னால் உள்ள கதை இதுதான்.

ஆய்வகமும் அதன் வீரியத்தை மறுக்கவில்லை. தண்டிலுள்ள பாலிசாக்கரைடுகள் என்னும் மாவுப்பொருள் வகைகள் மேக்ரோபேஜ் என்னும் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. தைராய்டு குறைபாடு பலருக்கு வருவதே, எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்குவதால்தான். ஏற்கெனவே தடம்புரண்ட படையை மேலும் உசுப்பினால் அது கல்லீரல் மீதும் பாயலாம்.

2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் சீந்தில் சாப்பிட்ட 6 பேர் கல்லீரல் பாதிப்போடு வந்தார்கள். சிலருக்குத் தைராய்டு குறைபாடும் இருந்தது. பிறகு நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து இப்படி 43 பேரின் விவரம் வெளியானது. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் வேறோர் இனத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றது ஆயுஷ் அமைச்சகம். அந்த இனத்தின் தண்டு முழுக்க மரு மருவாக இருக்கும். குழப்பம் நேர்வது உண்மைதான். ஆனால் சரியான கொடியாகவே இருந்தாலும் உங்கள் நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று, சீந்தில் சர்க்கரையையும் இறக்கக்கூடியது. எனவே கஷாயத்தை நிறுத்திய பின் இரண்டு வாரம் சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள்; மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டிவரலாம். கஷாயம் குடித்ததை அவரிடம் மறைக்காதீர்கள்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமானாலோ, சாப்பாடு பிடிக்காமல் அசதியாக இருந்தாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்தக் கொடி என்று பார்க்க, நீங்கள் பயன்படுத்திய தண்டில் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.