சுவருக்குள் ஒளிந்திருக்கும் தூண்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் 1930களில் கட்டப்பட்ட எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் சொசைட்டிச் செயலாளராக இருக்கிறேன். பழைய வரைபடம் எதுவும் எங்களிடம் இல்லாததால், ஸ்ட்ரக்சரல் ஆடிட் எனப்படும் கட்டட உறுதி ஆய்வுக்கு முன்பாக ஓர் ஆலோசகர் கட்டடம் முழுவதையும் லேசர் ஸ்கேனரால் அளந்து, தூண், உத்தரம், சுவர், தளம் என்று கணினியே வண்ணம் பிரித்த படத்தைக் கொடுத்திருக்கிறார். அதில் என் வீட்டுக் கூடத்தில் தூணே இல்லை. ஆனால் என் சிறுவயதில் அதே மூலையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாம் மாடி நடையிலோ, இல்லாத சுவர் ஒன்று குறுக்கே நிற்கிறது. கணினி எதை வைத்துப் பிரிக்கிறது? இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?
(வாசகர், மாட்டுங்கா)

பதில்: நடையில் நிற்கும் அந்தச் சுவர், ஸ்கேன் எடுத்த அன்று யாரோ உலர்த்தியிருந்த புடவையாக இருக்கக்கூடும். விளையாட்டாகச் சொல்லவில்லை. கொடியில் விரித்துப் போட்ட ஆறு கஜம், ஸ்கேனரின் பார்வையில் செங்குத்தான, ஏறக்குறைய தட்டையான ஒரு பரப்பு, சுவரும் அதேதான். சாள் எனப்படும் வரிசை அறைக் குடியிருப்பில் எடுத்த ஸ்கேன் ஒன்றில் மூலையில் இருந்த இரும்பு பீரோவுக்குத் தூணின் வண்ணம் விழுந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனர் அளிப்பது கட்டடத்தின் படமன்று, புள்ளிகளின் குவியல். சுழலும் கண்ணாடி ஒன்று லேசர் கதிரை எல்லாத் திசைகளிலும் வீச, எதிரே பட்டுத் திரும்பிய ஒவ்வொரு கதிருக்கும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று எண்களும், திரும்பிய ஒளி எவ்வளவு வலுவாக இருந்தது என்ற நான்காவது எண்ணும் பதிவாகின்றன. உங்கள் கட்டடத்தைப் போன்ற ஒன்றில் இப்படிப் பல கோடிப் புள்ளிகள் சேரும். அவற்றுள் எந்தப் புள்ளிக்கும் தான் சுவரில் இருக்கிறோமா, தூணில் இருக்கிறோமா என்பது தெரியாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கணினி ஊகிக்கிறது.

பழைய முறையில் இந்த ஊகத்துக்கான விதிகளை மனிதர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள சில நூறு புள்ளிகளை எடுத்து, அவை தட்டையாகப் படிந்திருக்கின்றனவா, கோடாக நீண்டிருக்கின்றனவா, அந்தத் தட்டு எந்தத் திசையை நோக்குகிறது என்று கணக்கிடுவார்கள். மேல்நோக்கிய தட்டு தரை, கீழ்நோக்கியது கூரை, பக்கவாட்டில் நோக்குவது சுவர். 1981இல் ஃபிஷ்லரும் போல்ஸும் வெளியிட்ட ரான்சாக் என்ற வழிமுறை, சிதறிய புள்ளிகளுக்குள்ளிருந்து இத்தகைய தட்டுகளைப் பொறுக்கியெடுக்க இன்றும் பயன்படுகிறது.

2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் பாயிண்ட்நெட் என்ற நரம்பு வலையமைப்பைக் கொண்டுவந்த பின், விதிகளை எழுதுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே பெயரிட்ட புள்ளிகளைக் காட்டிப் பழக்கும் முறை பரவியது. பழக்குவதற்குப் பெரிதும் பயன்பட்ட தொகுப்பு, 2016இல் அதே பல்கலைக்கழகம் தன் கட்டடங்களில் ஆறு பகுதிகளை அளந்து, கூரை, தரை, சுவர், உத்தரம், தூண் தொடங்கிப் புத்தக அலமாரி வரை 13 வகைகளாகப் பிரித்து வெளியிட்டது. வேறொரு கட்டடத்தில் உள்ள, ஐந்தாம் எண்ணிட்ட பகுதியை ஒதுக்கிவைத்து, மற்ற ஐந்திலும் பழக்கி, ஒதுக்கியதில் சோதிப்பது வழக்கம். கணினி தூண் என்று சொன்ன புள்ளிகளையும் உண்மையிலேயே தூணில் உள்ள புள்ளிகளையும் ஒன்றாகத் திரட்டி, அவற்றுள் இரு பக்கத்துக்கும் பொதுவானவை நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பதே மதிப்பெண். அந்தச் சோதனையில் பாயிண்ட்நெட் தரைக்கு 97, கூரைக்கு 88, சுவருக்கு 69 என்று வாங்கியது. தூணுக்குக் கிடைத்தது 4க்கும் குறைவு, உத்தரத்துக்கு 0.05. 2021இல் வந்த பாயிண்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வலையமைப்பு தூணை 38 வரை உயர்த்தியது, உத்தரம் அப்போதும் சுழியத்திலேயே நின்றது.

உங்கள் ஆலோசகரின் மென்பொருள் இவற்றைவிடத் தேர்ந்ததாக இருக்கலாம். ஆனாலும், கட்டடத்தைத் தாங்கும் உறுப்புகளில்தான் தவறு அதிகம் என்ற சாய்வு இந்தத் துறை முழுவதிலும் உண்டு. காரணம் எளிது: புள்ளிகளில் பெரும்பங்கு தரையிலும் சுவரிலும் விழுகிறது, தூணுக்கும் உத்தரத்துக்கும் கொஞ்சமே மிஞ்சுகிறது. அமெரிக்க அலுவலக அறைகளைப் பார்த்துப் பழகிய வலையமைப்பு கொடிக்கயிற்றையும் பூஜை அலமாரியையும் பரண்களையும் கண்டதேயில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூடத்துத் தூணின் கதை இதிலிருந்தும் வேறு. ஒன்பது அங்குலச் சுவரில் ஒன்பது அங்குலத் தூணை வைத்து இருபுறமும் ஒரே சமமாகப் பூசிவிட்டால், ஸ்கேனருக்குக் கிடைப்பது ஒரே வழவழப்பான பரப்புத்தான். லேசர் பூச்சுக்குள் புகுவதில்லை. எவ்வளவு பழக்கினாலும், புள்ளிகளில் இல்லாத ஒன்றைக் கணினி கண்டெடுக்க முடியாது. கணினி செய்த தவறு, அங்கே தூணைக் காணாதது அன்று. 'தெரியவில்லை' என்று விடாமல் 'சுவர்' என்று முழுமனதோடு வண்ணம் பூசியதுதான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள உத்தரங்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே, அறைகளின் பரப்பளவு, தளங்களின் உயரம், சுவர்களின் சாய்வு ஆகியவற்றுக்கு அந்தப் படத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தூண்களின் எண்ணிக்கைக்கு மட்டும் அதைச் சான்றாக ஏற்காதீர்கள். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு, 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்குக் கேட்கும் நிலைத்தன்மைச் சான்று, வண்ணப் படத்தைப் பார்த்து எழுதக்கூடிய ஒன்றன்று. ஆலோசகரிடம் எல்லா மாடிகளின் கிடைமட்ட வெட்டுப்படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். தரைத்தளக் கடைகளில் வெளிப்படையாக நிற்கும் தூண், மேல் மாடிகளில் அதே இடத்தில் சுவருக்குள் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கூரையில் தெரியும் உத்தரம் ஒன்று போய்ச் சுவரில் முடிகிறது என்றால், அந்த முனைக்குக் கீழே அதைத் தாங்குவது எது என்ற கேள்வியை அங்கேயே கேட்க வேண்டும். இப்படிச் சந்தேகம் எழும் இடங்களில் மட்டும் கம்பி கண்டறியும் கருவியை ஓட்டி, தேவையானால் பூச்சைச் சிறிது தட்டியெடுத்துப் பார்த்தால் போதும். தங்கள் சிறுவயது நினைவையும் ஆடிட்டரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த மூலையைப் பற்றிய வரை, ஸ்கேனரைவிடத் தாங்களே நல்ல சாட்சி.

கேள்வி: டிரோனில் எடுத்த லேசர் தரவில் கட்டடத்துக்கு 6 என்ற எண் இருக்கிறது. அதையே அறைக்குள் எடுத்த ஸ்கேனுக்கும் பயன்படுத்தலாமா?
(வாசகி, செம்பூர்)

பதில்: பயன்படுத்தினால் எல்லாப் புள்ளியும் 6 ஆகிவிடும். லேசர் புள்ளிகளைச் சேமிக்கும் லாஸ் கோப்பு வடிவத்தின் வகை எண்கள் வானிலிருந்து பார்ப்பவருக்காக வகுக்கப்பட்டவை: 2 தரை, 3 முதல் 5 வரை தாவரங்கள், 6 கட்டடம், 9 நீர். அந்தப் பார்வையில் உங்கள் வீடு முழுவதும் ஒரே எண்தான். லாஸ் 1.4இன் புதிய புள்ளி வடிவங்களில் 64 முதல் 255 வரையுள்ள எண்களைப் பயனர் தம் விருப்பப்படி ஒதுக்கிக்கொள்ளலாம். தூணுக்கும் உத்தரத்துக்கும் அங்கே எண் கொடுத்து, எது எதற்கு என்ற அட்டவணையைக் கோப்புடனேயே வைத்திருங்கள்.

கேள்வி: சிவில் பொறியியல் மாணவன் நான். விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாது. இதைப் பழக வழி உண்டா?
(வாசகர், டோம்பிவிலி)

பதில்: கிளவுட்கம்பேர் என்ற மென்பொருள் இலவசம். அதிலுள்ள ரான்சாக் கருவியால் முதலில் உங்கள் வகுப்பறை ஒன்றின் தட்டுகளைப் பிரித்தெடுங்கள். அதற்கு முன், புள்ளிகளைச் சீராகக் குறைத்துக்கொண்டால் சாதாரண மடிக்கணினியே தாங்கும். பிறகு, நூறு சதுர அடிக்காவது கையாலேயே ஒவ்வொரு புள்ளித்திரளுக்கும் பெயரிட்டுப் பாருங்கள். கதவு நிலை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பதில் உங்களுக்கே இரண்டு மனம் வரும் இடங்களைத் தனியாகக் குறித்துவைத்து, பின்னர் கணினியின் விடையை அந்த இடங்களில் முதலில் சரிபாருங்கள்.