பத்து நாள் ஊழியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து வரும் மே மாதம் பத்து நாள் இலங்கை மலையகத்துக்கு மிஷன் பயணம் போகிறோம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு வெள்ளையடிப்பது, துணி கொடுப்பது என்று திட்டம். ஒரு பிள்ளைகள் இல்லத்திலும் இரண்டு நாள் இருப்போம். டிக்கெட்டுக்காகச் சபையில் காணிக்கை எடுக்கிறோம். என் சித்தப்பா, “ஊழியம்னு பேரு, போறது நுவரெலியா பாக்க. அந்தக் காச அங்க அனுப்பினா நாலு பிள்ளைய படிக்க வைக்கலாம்” என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து ஜெபத்தில்கூட மனம் நிற்கவில்லை. போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போங்கள். ஆனால் சித்தப்பா கேட்டதைச் சோதனை என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்தான் அப்படிக் கேட்பார்.

நாம் குமரி மாவட்டத்துக்காரர்கள். கடல் தாண்டி வந்தவர்களின் ஊழியத்தை இருநூறு ஆண்டுகளாகப் பெற்றுக்கொண்ட மண் இது. அதில் எது வேர் பிடித்தது என்பது கொடுத்தவர்களைவிடப் பெற்ற நமக்கு நன்றாகத் தெரியும். ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். ஏன் வந்தார்? மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய்க் கிறிஸ்துவை ஏற்றுத் திரும்பி, எங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். அதனால் வந்தார். 1816-ல் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போய்விட்டார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேரும்வரை சபைகளைச் சிதறவிடாமல் காத்தவர் வேதமாணிக்கம். அழைத்தவரும் ஊர்க்காரர், பிறகு தாங்கியவரும் ஊர்க்காரர்.

நீங்கள் போகும் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருப்பார். ஞாயிறு பள்ளி நடத்தும் ஒரு அக்காவாக இருக்கலாம், தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியராக இருக்கலாம். அவர் உங்களை அழைத்தாரா? உங்கள் திட்டத்தை அவர் பார்த்தாரா? ஆயரிடம் முதலில் இதைக் கேளுங்கள். இல்லை என்றால் இப்போதே அவரோடு போனில் பேசி, என்ன தேவை என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

மே மாதத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்குப் பள்ளி விடுமுறை என்பதால் மே மாதம் வி.பி.எஸ். வைக்கிறோம். இலங்கையில் விடுமுறைகள் வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் வரும். மே மாதம் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், பெற்றோர் கொழுந்து பறிக்க மலையில் இருப்பார்கள். உங்களுக்காகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது பெரிய பாவம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் (உதவித்தொகை) பரீட்சை அங்கே ஒரு தோட்டப் பிள்ளையின் வழியையே மாற்றக்கூடியது. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் நடத்துங்கள், அல்லது தேதியை மாற்றுங்கள். பாட்டும் கதையும் அந்த ஊர் ஞாயிறு பள்ளி அக்கா முன்னால் நின்று நடத்தட்டும், நீங்கள் அவருக்குக் கைகொடுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் பிள்ளைகள் அவரைத் தேடிப் போக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் மனம் பதறிய இடம் பிள்ளைகள் இல்லத்து இரண்டு நாள்தான். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிறவர்களின் இரக்கமும் பணமும் இல்லங்களைப் பெருக்கின, இல்லங்கள் பிள்ளைகளை வீட்டிலிருந்து இழுத்தன. நீங்கள் போகும் இல்லம் அப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே ஓடிவந்து மடியில் ஏறும் பிள்ளையைப் பார்த்துப் பூரித்துவிடாதீர்கள். ஆட்கள் மாறி மாறி வந்துபோகும் இடத்தில் வளரும் பிள்ளை யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். குழந்தைநலப் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். மலையகத்தில் அம்மா வளைகுடா நாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளும் பலர். அவர்களுக்கு இரண்டு நாள் அக்காவாக இருந்துவிட்டுக் கையசைத்து வண்டி ஏற நமக்கு உரிமை இல்லை. அந்த இரண்டு நாளை விட்டுவிடுங்கள். போயே ஆக வேண்டும் என்றால் இல்லத்தின் சமையல்காரரோடும் பராமரிப்பவர்களோடும் வேலை செய்யுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

வெள்ளையடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்தில் வேலையில்லாத வாலிபர்கள் இருப்பார்கள், கூலி கொடுத்து அவர்களோடு சேர்ந்து அடியுங்கள். யாராவது மெடிக்கல் கேம்ப் என்று ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர். நம் ஊரில் செய்யக்கூடாததை அங்கேயும் செய்யக்கூடாது.

சித்தப்பாவின் கணக்குக்கு வருகிறேன். ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல் 1922 எவரெஸ்ட் பயணம் முடித்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத்தான் கிளம்பினார். நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த நோயாளிகளையும், உதவிக்கு ஆளில்லாமல் திணறிக்கொண்டிருந்த டாக்டரையும் கண்ணால் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்துவிட்டார். அவர் பார்க்க வராமல் பணம் மட்டும் அனுப்பியிருந்தால் நம் தாத்தா பாட்டிகள் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். போய்ப் பார்ப்பதற்கு விலை உண்டு. அதே நேரம் சித்தப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. டிக்கெட்டுக்கு எவ்வளவு காணிக்கை எடுக்கிறீர்களோ அதே அளவு இன்னொரு காணிக்கை எடுங்கள். அது அங்கேயே தங்கியிருக்கும் ஆசிரியருக்கும் மாலை வகுப்புக்கும் வருஷாவருஷம் போகட்டும். சித்தப்பாவையே அதற்குப் பொருளாளராகப் போடுங்கள், மகிழ்ச்சியாக ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்பாடு பேராயரான அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துச் சொன்னார்: உங்கள் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்று கேட்கிற இடத்தில் நாம் இருந்தோம். மலையகத்துக்குப் போகும்போது அந்தக் கேள்வி நம்மைப் பார்த்துக் கேட்கப்படுகிறது.

அந்த மக்களை அறியாமல் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள், 1948-ல் இலங்கையில் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள் அவர்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள், குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் மாவட்டத்திலேயே அரசு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். கீரிப்பாறைப் பக்கம் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. உங்கள் ஐக்கியத்தில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறீர்கள்? பயணத்துக்கு முன் சில சனிக்கிழமைகள் போய் உட்காருங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள், அங்கே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஹட்டனில் சொந்தம் இருக்கும் ஒரு பாட்டி கிடைத்தால், நீங்கள் அந்த லயத்துக்குள் நுழையும்போது யாரிடமிருந்து வருகிறோம் என்று சொல்ல ஒரு பெயர் இருக்கும். திரும்பி வந்தபின் அந்தப் பாட்டியிடம் போய்ச் சொல்லவும் வேண்டும்.

தேதி மாறினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா